அலைக்கு முன்னால் நின்றவர்

மஹ்ரூப்புக்கு வயிறு எரிந்தது. சும்மா எரிச்சல் இல்லை, சோறு தொண்டைக்குள் இறங்காத எரிச்சல். ஏழு வருடமாக ஜமால்தீன் முதலாளியின் கடைக் கலண்டருக்கு அவர் எடுத்த படம்தான் போகும். அடியில் சிவப்பெழுத்தில் 'மஹ்ரூப் ஸ்டூடியோ' என்று இருக்கும். திருகோணமலை டவுனில் அந்தக் கலண்டர் தொங்காத வீடு குறைவு. இந்த முறை, அறுபத்தேழாம் ஆண்டுக் கலண்டருக்கு, வாடைக்காற்றுக் கடல் வேண்டும் என்றார் முதலாளி. மஹ்ரூப் மூன்று பிலிம் சுருள் முடித்து, நல்லதாக ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினார். கோட்டைக்குக் கீழே பாறையில் அடிக்கிற அலை ஊரையே நடுங்க வைக்கிறது, உமது படத்தில் மட்டும் சவர்க்கார நுரை மாதிரிக் கிடக்கிறதே என்று முதலாளி சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? துறைமுக ஒபிசில் கிளார்க்காக இருக்கும் லாபிரிடமும் ஒரு படம் கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம்.

லாபிர்! நேற்றுக் கமரா பிடித்தவன். சொந்தமாக ஒரு இருட்டறைகூட இல்லை, பிலிம் கழுவ மஹ்ரூப்பிடம்தான் வரவேண்டும். அப்படிப்பட்டவன் எடுத்த கலியாணப் படங்களை மஹ்ரூப்பின் மனைவி ஸல்ஹாவே ஒருநாள் புகழ்ந்தாள். புருஷன் எடுத்த படம் எதையும் அவள் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

புதன்கிழமை லாபிர் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டதும், மஹ்ரூப் ஸ்டூடியோவைப் பூட்டிக் குடையையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். லாபிர் கரையில் குந்தியிருந்து, கமராவைக் கண்ணில் வைத்துப் பெரிய அலைக்காகக் காத்திருந்தான். மஹ்ரூப் நேரே போய் அவனுக்கு முன்னாலிருந்த பாறையில் ஏறி, கடலைப் பார்த்தபடி நின்றார். நான் நிற்கும்வரை நீ எப்படி எடுக்கிறாய், பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார். அப்போதுதான் அந்த அலை வந்தது. காற்று குடையைப் புரட்டிப் போட்டது. உப்புத் தண்ணீர் தலையால் வழிந்து சேட்டுக்குள் இறங்கியது. விழாமல் தப்பியது அல்லாஹ்வின் காவல். நனைந்த கோழி மாதிரி வீடு திரும்பியபோதும் அவருக்குச் சந்தோஷம்தான். பயலின் படம் பாழ்.

வியாழன் காலை லாபிர் பிலிமைத் தந்துவிட்டு அவசரமாக ஒபிசுக்குப் போனான். மஹ்ரூப் கழுவிப் பார்த்தார். அந்த ஒரு அலைதான் உருப்படியாக விழுந்திருந்தது. அதைப் பெருப்பித்து, கடதாசியை மருந்துத் தண்ணீருக்குள் போட்டார். ஒரு மூலையில் முதலில் குடை வந்தது. பிறகு குடைக்குக் கீழே அவர். பிறகு அவருக்கு மேலே, மூன்று ஆள் உயரத்துக்கு, அலை.

மஹ்ரூப் இன்னொரு கடதாசி எடுத்து, தான் நின்ற மூலையை மறைத்துவிட்டு அச்சடித்துப் பார்த்தார். அலை சவர்க்கார நுரையாகிவிட்டது. அச்சொட்டாக அவர் எடுத்த படம். படத்துக்குள் ஆள் விழுந்தால் அது கெட்டது என்று, கரையில் நிற்கிறவர்களை எல்லாம் இருபது வருடமாக விரட்டி விரட்டிப் படம் எடுத்தவர் அவர். அலை எவ்வளவு பெரியது என்று காட்ட, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தன் மண்டையில் ஏறவில்லையே என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆளில்லாத படத்தை உறையில் போட்டார். அதைத்தான் லாபிரிடம் கொடுப்பது என்று முடிவு. மற்றதைக் கிழிக்க எடுத்தார், கை வரவில்லை. கொடியில் காயப்போட்டார். பின்னேரம் தேத்தண்ணி கொண்டுவந்த ஸல்ஹா அதைக் கண்டாள். கோப்பையை வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். போனவள் திரும்பி வந்தும் பார்த்தாள்.

"இது எங்கட குடையெல்லோ. ஆர் எடுத்தது? பார்க்க நெஞ்சு பதறுது."

மஹ்ரூப் பதில் சொல்லுமுன் ஒபிஸ் விட்டு லாபிர் வந்துவிட்டான். கதிரையைக் காட்டியும் உட்காராமல், அண்ணன் முறை வைத்துப் பேசினான்.

"காக்கா, அந்தக் கல்லில ஒரு ஆள் நிண்டாத்தான் அலை பெரிசாத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் காத்துக்க ஆரைப் போய் நிக்கச் சொல்லிக் கேக்க ஏலும்? நான் கேக்காமலே நீங்க ஏறி நிண்டீங்க. உங்கட படத்துக்குப் போட்டி எண்டு தெரிஞ்சும் நிண்டீங்க."

மஹ்ரூப்பின் கை உறையின்மேல் இருந்தது. ஸல்ஹா கதவடியில் நின்று அவரையே பார்த்தாள். இந்த மனிசன் இவ்வளவு நல்லவரா என்ற பார்வை. கலியாணம் முடித்த புதிதுக்குப் பிறகு அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம்," என்று தலையாட்டினார் மஹ்ரூப். கொடியிலிருந்த படத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

கலண்டர் வந்தது. அடியில் சிவப்பெழுத்தில் லாபிரின் பெயர். ஸல்ஹா அதை ஸ்டூடியோவிலேயே, வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவரில் மாட்டினாள். பன்னிரண்டு மாதமும் அது அங்கேயே தொங்கியது. பாஸ்போட் படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று, அருமையான படம், நீங்கள் எடுத்ததோ என்று கேட்டார்கள்.

"எடுத்தது லாபிர்," என்பார் மஹ்ரூப், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் நிண்டது மட்டும்தான்."