அலகு உடைந்த கிளி

நான்கு வருடமாக ஸ்ரீவத்சன் ஒரு கிளியைத் துரத்திக்கொண்டிருந்தான். அது பறக்கிற கிளி அல்ல. பழைய ஆங்கிலப் புத்தகங்களின் தோல் அட்டையில், பித்தளை அச்சால் தங்க நிறத்தில் பதிக்கப்பட்டு, நகராமல் உட்கார்ந்திருந்த கிளி. அப்படியும் பிடிபட நான்கு வருடம் ஆயிற்று.

மந்தைவெளியில் மூடிக்கிடந்த ஒரு கிளப்பின் நூலகத்தில் பதினொரு அட்டைகளில் அதே கிளி. எல்லாவற்றிலும் அலகு நுனி உடைந்திருந்தது. இறக்கையில் மயிரிழை போல ஒரு கீறல். அச்சு ஒன்று, ஆகவே பைண்டரும் ஒருவர். புத்தகங்கள் 1870களில் அச்சானவை, ஆகவே பைண்டரும் விக்டோரியா ராணி காலத்து ஆள். ஊர் பேர் தெரியாத அவருக்கு ‘கிளி மாஸ்டர்’ என்று நாமகரணம் செய்து, ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுவதையும் அவருக்கே எழுதி வைத்திருந்தான். மாஸ்டரின் மனச்சோர்வுக்கு மட்டும் ஏழு பக்கம்.

மூன்றாம் அத்தியாயம் சின்னது. பித்தளை உடையும், வளராது. அலகு முழுதாக உள்ள கிளி முந்தியது, உடைந்தது பிந்தியது. சொல்ல வந்தது அவ்வளவுதான்.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, முந்தின சாயங்காலம், ஸ்லைடுகளைக் காட்ட மயிலாப்பூரில் கைடு ராகவேந்திரன் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி கதவைத் திறந்ததும் வேலை கொடுத்தார்.

“நெட் போயிடுத்துடாப்பா. அந்த மோடத்த அணைச்சுப் போடேன்.”

மோடத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு தடிமனான புத்தகம். மெரூன் ரெக்சின் அட்டை. ராகவேந்திரனின் முனைவர் பட்ட ஆய்வேடு, 1991. அட்டை நடுவில் தங்க நிறத்தில் ஒரு கிளி.

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தான். இறக்கையில் அதே கீறல். அலகைப் பார்த்தான். முழு அலகு. மிளகாய்ப் பழமே கடிக்கலாம், அவ்வளவு முழுசு.

ஸ்ரீவத்சன் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“மாமி, இந்தக் கிளி...”

“நான்தான் போடச் சொன்னேன். சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதுத்தாப்ல ஒரு பைண்டர். யானை இருந்தது, கிளி இருந்தது. ஆத்துல ஏற்கெனவே ஒரு யானை இருக்கேன்னு கிளியச் சொன்னேன்.”

“அலகு உடையலியே?”

“கல்யாணமான புதுசுல யாராவது உடைஞ்ச கிளியப் போடுவாளா?”

யானை என்றதும் ராகவேந்திரன் உள்ளேயிருந்து வந்தார். கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெதுவாகச் சுவரின் நிறத்துக்கு வந்தது.

“முழுசா இருக்கேடா.”

“அதான் சார். இது முந்தினது. உடைஞ்சதெல்லாம் தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம்.”

“ஆயிரத்து எண்ணூத்து எழுபதுன்னு போட்டிருக்கே!”

“பக்கம் பழசு சார். அட்டை புதுசு. கிழிஞ்ச புஸ்தகத்தையெல்லாம் கிளப்புக்காரா ரீபைண்டிங் குடுத்திருக்கா. தோல் வெடிச்சிருந்தது, பழசுன்னு நெனச்சேன். மெட்ராஸ் வெயில் சார்.”

“ஒரே மாதிரி ரெண்டு அச்சு இருந்திருக்கலாமோல்லியோ?”

“கீறலும் அதே எடத்துல சார்.”

“கீறலோடவே ரெண்டு பண்ணியிருப்பான்.”

“சார்.”

“சரி, விடு.” குரலைத் தணித்தார். “நாளைக்கு வாயத் தொறக்காதே. நான் பாக்கலை, நீயும் பாக்கலை. மோடத்த எடுத்து அது மேல வை.”

வைத்தான். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. நின்றபடி யோசித்தான். வாயை மூடிக்கொண்டால் நாளை மத்தியானம் டாக்டர். ஆனால் கிளி மாஸ்டரைக் காப்பாற்றினால் மூன்றாம் அத்தியாயம் பொய்யாகிவிடும். மொத்த ஆய்வேட்டில் அவன் மனசார எழுதியது அது ஒன்றுதான். மறுபடி மோடத்தைத் தூக்கினான். கிளி மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தான். ராகவேந்திரன் தடுக்கவில்லை. அதிர்ச்சியில் அவர் சோபாவில் ரிமோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வைவாவில், மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சுந்தரவல்லியின் முன்னால் அந்தப் படியையும், கிளப் புத்தகத்திலிருந்து முன்பே எடுத்திருந்த படியையும் அருகருகே வைத்தான். முழு அலகு. உடைந்த அலகு. விஷயத்தைச் சொல்லி முடித்தபோது அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப கிளி மாஸ்டர்னு ஒருத்தர் இல்லவே இல்லையா?”

“இருந்தார் மேடம். சைதாப்பேட்டையில. வீட்ல கலர் டிவி இருந்திருக்கும்.”

“அந்த மனச்சோர்வு?”

“அது என்னோடது மேடம்.”

“ஏழு பக்கத்தையும் படிச்சுட்டு அழுதேனே தம்பி! அறிக்கையில வேற எழுதித் தொலைச்சிருக்கேன்!” அவர் தன் அறிக்கையைத் திருப்பிப் பார்த்து, மேஜையில் கவிழ்த்து வைத்தார். “இன்னைக்கு பட்டம் கெடையாது. நாலாம் அத்தியாயத்தத் தூக்கிப் போட்டுட்டு வேற எழுதிட்டு வாங்க. மூணாவதத் தொடாதீங்க, அது நல்லாருக்கு. அடிக்குறிப்புல உங்க சாரோட ஆய்வேட்டையும் சேருங்க.”

“எத்தனாவது பக்கம்னு போடறது மேடம்?”

“பக்கம் எதுக்கு? அட்டைன்னு போடுங்க.”

பின்வரிசையில் ராகவேந்திரன் மெல்ல எழுந்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த ஆய்வேட்டை ஒருவரும் மேற்கோள் காட்டியதில்லை. நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று புரியாமல் அவர் நின்றுகொண்டேயிருந்தார்.