ஏழாவது வரியில் வெரோனா

பிளாக் ரிவர் ஊருக்குப் போய் எவரால்டு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜெனரல் முதலை என்று கேளுங்கள், தெருநாய்கூட வழி காட்டும். இந்த ஜெனரல் நாலு வருஷத்துக்கு முன்னால் பாலத்தடியில் வெரோனாவின் கடையில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். பொரித்த மீனும் மரவள்ளி ரொட்டியும் விற்கிற கடை. போகிற பஸ்ஸையெல்லாம் மறித்து, "மீனு மீனு சூடான மீனு, முள்ளு குத்தினா கேக்காத ஏன்னு" என்று இவன் போடுகிற கூச்சலைக் கேட்கவே ஜனங்கள் இறங்குவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு நாள் திடலில் நடந்த ராத்திரி ஆட்டபாட்டத்தில் வழக்கமான டீஜேவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "கொஞ்சம் பிடிச்சுக்கடா" என்று மைக்கை இவன் கையில் கொடுத்தார்கள். அதோடு சரி, இவன் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அங்கே டீஜே என்றால் ரெக்கார்டு போடுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ரெக்கார்டு போட க்ளோவிஸ் என்று ஒரு கூட்டாளி இருந்தான். தாளம் ஓட ஓட, அதன்மேல் ஏறி நின்று வாய்க்கு வந்ததை எதுகை மோனையோடு அளக்கிறவன்தான் டீஜே. ஜனத்துக்கு ஒரு வரி பிடித்துவிட்டால் சும்மா கைதட்டிவிட்டுப் போகமாட்டார்கள். தகர வேலியை டமடமவென்று அடிப்பார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே சட்டிமூடி கொண்டுவந்து மோதுவார்கள். "திருப்பு! திருப்பு!" என்று கூப்பாடு போடுவார்கள். உடனே க்ளோவிஸ் ஊசியைத் தூக்கி ரெக்கார்டை முதலிலிருந்து போடவேண்டும், எவரால்டும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். மாட்டேன் என்றால் தலைக்கனம் பிடித்தவன் என்று பேராகிவிடும். எத்தனை திருப்போ அத்தனை மரியாதை.

மரியாதை கூடக்கூட நம்ம ஜெனரலுக்குத் தலைகால் புரியவில்லை. வெயிலோ மழையோ, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான். அதைப் போட்டுக்கொண்டே நடந்து ஒருமுறை சாக்கடையில் விழுந்தான். "சாக்கடை என்னை வரவேத்துச்சு" என்று அதையும் பாட்டாக்கிவிட்டான். சாப்பாடு மட்டும் பழையபடி வெரோனா கடையில்தான்.

எண்பத்தைந்தாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின வாரம், தட்டில் மீனை வைத்துவிட்டு வெரோனா இடுப்பில் கையை ஊன்றினாள்.

"உன் சைக்கிளுக்கு ஒரு பாட்டு பாடின. சரி. புது ஷூவுக்கு ரெண்டு பாட்டு. அதுவும் சரி. கிங்ஸ்டன் பட்டணத்துல எவளோ ஒரு செவப்புப் பாவாடைக்காரி, அவ மூஞ்சியக்கூட நீ பாத்ததில்ல, அவ மேல பாடி ஒரு ரெக்கார்டே போட்ட. நாலு வருஷமா உனக்கு மீன் பொரிச்சுப் போடறவ பேரு மட்டும் வாயில வரல. ஏன்யா, முள்ளு சிக்கிக்கிச்சா?"

"நீ மனசுல இருக்க வெரோனா. மனசுல இருக்கறதப் போய் மைக்குல சொல்லுவாங்களா?"

"உன் மனசை யாரு பாத்தா? மைக்கு எல்லாருக்கும் கேக்கும். ஈஸ்டர் திங்கக்கிழமை போட்டிக்கு ஊரே வரும். வெரோனாவைத்தான் கட்டிக்கப்போறேன்னு அங்க சொல்லு. சொல்லலைன்னா செவ்வாக்கிழமை காலைல நான் பஸ் ஏறிடுவேன். கிங்ஸ்டன்ல அக்கா சாப்பாட்டுக் கடைக்கு ஆள் தேடறா. போனா திரும்பி வரமாட்டேன், சொல்லிட்டேன்."

சும்மா மிரட்டுகிறாள் என்று அவன் சிரித்தான். பக்கத்தில் பார்த்தால் பெரிய வாணலியைக் காணோம். கேட்டதற்கு, விற்றுவிட்டேன் என்றாள். வாணலியை விற்கிற அளவுக்குப் போய்விட்டவள் பஸ் ஏறாமல் இருப்பாளா? அவள் இல்லாத பாலத்தடியை நினைத்ததும் எவரால்டுக்குத் தட்டு காலியாகத் தெரிந்தது. பசி என்று நினைத்து இன்னொரு மீன் தின்று பார்த்தான். பசி இல்லை, பயம்.

அவன் ஊமையாக இருந்ததற்குக் காரணம் க்ளோவிஸ்தான். "ஜெனரலுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா ஒரு பொண்ணு சட்டிமூடி கொண்டுவரமாட்டா மச்சான்" என்று ஓதி ஓதி வைத்திருந்தான். இப்போது விஷயத்தைக் கேட்டதும் தாடையைச் சொறிந்தான்.

"சொல்லித் தொலை. ஆனா பாட்டு ஆரம்பத்துல வேணாம். மொதல்ல புல்டோசரைக் கவுத்துப் போடு, கோப்பை நம்ம கைக்கு வரட்டும். பொண்ணு பேரு பின்னாடி மெதுவா வரட்டும்."

புல்டோசர் என்பவன் சாண்டா குரூஸ் ஊர் டீஜே லாசெல்ஸ். ஆள் அந்த அகலம். மூன்று வருஷமாக ஈஸ்டர் கோப்பை அவன் வீட்டு அலமாரியில்தான் குந்திக்கொண்டிருந்தது. எவரால்டுக்கு அந்தக் கோப்பைமேல் அப்படி ஒரு வெறி. போன மாதம் லாசெல்ஸ் மினிபஸ்ஸில் ஏறப்போய் வாசலில் சிக்கிக்கொண்டது ஊருக்கே தெரியும். அதை வைத்து எவரால்டு ஒரு பாட்டு கட்டினான். ஆறு வரி புல்டோசருக்கு, ஏழாவது வரியில் வெரோனா. கோப்பையும் ஆச்சு, கல்யாணமும் ஆச்சு, ஒரே கல்லில் ரெண்டு மாங்காய் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

திங்கட்கிழமை மதியமே கடற்கரைத் திடல் நிறைந்துவிட்டது. ஆளாளுக்கு ஈஸ்டர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கடித்துக்கொண்டு நின்றார்கள். போட்டி ரெண்டு சுற்று, நடுவர் சாராயக்கடை அல்பான்சோ. கையில் பள்ளிக்கூட மணி. அவர் மணி அடித்தால் ஆளுடைய நேரம் முடிந்தது. வேலியோரமாக வெரோனா சின்ன வாணலியை வைத்து மீன் போட்டுக்கொண்டிருந்தாள். காதை மட்டும் மேடைப் பக்கம் வைத்திருந்தாள்.

எவரால்டு மேடையேறினான். க்ளோவிஸ் ஊசியை வைத்தான். தாளம் தும்தும்மென்று கிளம்பியது.

"மினிபஸ்ஸுல ஏறினாரு புல்டோசர் அண்ணாச்சி,
முன்பக்கம் உள்ள போச்சு, பின்பக்கம் ரோட்டுல நின்னாச்சு!"

அடேயப்பா! தகர வேலி பிய்ந்து போகாதது கடவுள் புண்ணியம். ஒரு கிழவனார் தன் பல்செட்டைக் கழற்றிக் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கத்தினார். "திருப்பு! திருப்பு!" எவரால்டுக்குப் புல்லரித்தது. க்ளோவிஸ் திருப்பினான். மறுபடியும் மினிபஸ், மறுபடியும் முன்பக்கம், பின்பக்கம். மறுபடியும் "திருப்பு!"

மூன்றாவது தடவை கொஞ்சம் வேகமாகப் பாடி அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தான். "கண்டக்டர் வந்து..." என்றானோ இல்லையோ, வேலி அதிர்ந்தது. பாதிரியார் சம்சாரமே சட்டிமூடியை அடித்துக்கொண்டு குதித்தாள். நாலாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, கொஞ்சம் பொறுங்க, பின்னாடி இதைவிட நல்லா இருக்கு" என்று கெஞ்சினான். அதையும் பாட்டு என்று நினைத்துத் திருப்பச் சொன்னார்கள். தலைவிதியைப் பாருங்கள்! டீஜேவாகப் பிறந்தவன் எவனும் திருப்பாதே என்று அழுததாகச் சரித்திரம் உண்டா?

கறுப்புக் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தால், வேலியை எல்லோரையும்விடப் பலமாகக் குத்துகிறவன் சாட்சாத் புல்டோசரேதான். வியர்வை ஊற்ற ஊற்றக் குத்துகிறான். அவன் கணக்கு அவனுக்கு. இந்த ரெண்டு வரி அவமானத்தைக் கேட்டாகிவிட்டது, காதும் பழகிவிட்டது. கண்டக்டர் வந்து என்ன செய்தான் என்று அந்தப் பாவி என்னத்தைக் கட்டி வைத்திருக்கிறானோ! தெரியாத உதையைவிடத் தெரிந்த உதையையே திரும்பத் திரும்ப வாங்குவது மேல் என்று முடிவு செய்துவிட்டான்.

அல்பான்சோ மணி அடித்தார். எவரால்டு மூன்றாவது வரியைத் தாண்டவே இல்லை. ஜனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றியது. தோள்மேல் உட்கார்ந்து அழுகிற ஜெனரலை அன்றுதான் ஊர் பார்த்தது. ஆனந்தக் கண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இறங்கியதும் வெரோனாவிடம் ஓடினான்.

"நீயே பாத்தியே! நான் சொல்லத்தான் வந்தேன். விட்டாங்களா? எல்லாம் உன் எதிர்லதான நடந்துச்சு!"

"பாத்தேன். ஜனம் சந்தோஷப்பட்டா அது உன் குத்தமில்ல." அவள் மீனைப் புரட்டினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பேரு எத்தனாவது வரி?"

"ஏழாவது."

"முன்னாடி ஆறு வரியும்?"

எவரால்டு வாணலியைப் பார்த்துச் சொன்னான். "புல்டோசர்."

"ஆறு வரி புல்டோசருக்கு. மிச்சம் மீதி எனக்கு." கரண்டியைச் சட்டியில் போட்டாள். "அப்ப அவனையே கட்டிக்கய்யா. ஜோடி நல்லாத்தான் இருக்கும். மினிபஸ்ஸுல மட்டும் போகாதீங்க."

அவள் கத்தியிருந்தால் சமாளித்திருப்பான். கத்தவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது. எவரால்டு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். வேலியை அடித்தவனும் சட்டிமூடியை மோதியவளும் தன் கல்யாணத்தைக் கெடுக்கவில்லை, பாட்டைக் கட்டிய அன்றைக்கே தானே கெடுத்துவிட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

கடைசிச் சுற்று. மேடைக்குப் பின்னால் க்ளோவிஸ் கால் தரையில் பாவாமல் குதித்தான்.

"கோப்பை நம்மளுதுடா! நீ ஒண்ணும் புதுசா கிழிக்கவேணாம். வாயைத் திறந்து 'மினி'ன்னு சொல்லு, மிச்சத்த ஜனம் பாத்துக்கும்."

தாளம் கிளம்பியது. ஜனம் சட்டிமூடியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தது. கோப்பை மேஜைமேல் பளபளவென்று மின்னியது. அதை ஒரு தடவை பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"வெரோனா" என்றான்.

ஓங்கின மூடிகள் அப்படியே நின்றன.

"எந்த வெரோனா?" "மீன்காரியா?" "யோவ், பஸ்ஸு எங்கய்யா? பஸ்ஸைப் பாடு!" யாரோ பாதி கடித்த ரொட்டியை வீசினார்கள். அது க்ளோவிஸ் நெற்றியில் பட்டது.

"பாலத்தடி வெரோனா" என்றான் எவரால்டு. எதுகையும் வரவில்லை, மோனையும் வரவில்லை, தாளம் ஒரு பக்கம் போனது, இவன் ஒரு பக்கம் போனான். "நாலு வருஷமா அவ கையால தின்னுட்டு அவ பேரைச் சொல்லாத கழுதை நான். அவளைத்தான் கட்டிக்கப்போறேன். அவ சம்மதிச்சா. சம்மதிக்கலைன்னா நாளைக்கு பஸ்ஸுல அவ மூட்டையத் தூக்கிட்டு நானும் போறேன். கிங்ஸ்டன்லயும் மீனுக்குச் செதில் இருக்கும்ல. அவ்வளவுதான். பாட்டு முடிஞ்சுது."

ஒரு மூடி சத்தம் இல்லை. ஒரு தகரம் அசையவில்லை. அல்பான்சோ என்ன செய்வதென்று தெரியாமல் மணியை அடித்துவைத்தார். அடுத்து ஏறிய புல்டோசர் தன் பழைய பாட்டு ஒன்றை உருட்டினான். ஏதோ போனால் போகிறது என்று நாலு பேர் வேலியைத் தட்டினார்கள், கோப்பை நாலாவது வருஷமும் அவனுக்கே போனது. க்ளோவிஸ் ரெக்கார்டுப் பெட்டிமேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

எவரால்டு வேலியோரம் போனபோது வாணலியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மீன் கரியாகியிருந்தது. வெரோனா கை மீனைக் கருக்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"பாட்டு கேவலமா இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்."

"தாளத்துல நிக்கவே இல்ல."

"தெரியும்."

"ஊரே உன்னைப் பாத்து முழிச்சுது."

"அதுவும் தெரியும் வெரோனா. பதிலைச் சொல்லு, உயிர் போகுது."

அவள் முந்தானை மாதிரி கட்டியிருந்த அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்தாள். துணியில் மிளகாய் இருந்ததால் இன்னும் அதிகமாக அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "மூட்டையெல்லாம் தூக்கவேணாம். அக்காகிட்ட வரலைன்னு சொல்லிக்கறேன்" என்று சொல்லி, கருகின மீனை அவன் தட்டில் வைத்தாள். அவன் ஒரு முள் விடாமல் தின்றான். அத்தனை ருசியான மீனை அவன் ஆயுசில் தின்றதில்லை.

அப்போது பின்னால் யாரோ கனைத்தார்கள். கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு புல்டோசர் நின்றிருந்தான். ஜெயித்த முகமாகத் தெரியவில்லை.

"டேய் முதலை" என்றான். "கண்டக்டர் வந்து?"

"என்ன கண்டக்டர்?"

"உன் பாட்டுலடா. கண்டக்டர் வந்து... அப்புறம் என்ன பண்ணான்? தள்ளினானா, இழுத்தானா? பயத்துல நானே வேலியைக் குத்திக் கெடுத்துட்டேன். இப்ப மண்டை வெடிக்குது. தெரியாம எனக்குத் தூக்கம் வராதுடா."

எவரால்டு சொல்ல வாயெடுத்தான். வெரோனா அவன் வாயைப் பொத்தினாள்.

"கல்யாணத்துல பாடுவாரு அண்ணே. விருந்துக்கு ஆட்டுக்கறி போடணும். ஆடு நீங்க ஓட்டிட்டு வந்தா, முழுப் பாட்டையும் மொத வரிசையில உக்காந்து கேக்கலாம்."

"என்னைக் கேவலப்படுத்தற பாட்டுக்கு நானே ஆடு குடுக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"வேணாம்னா விடுங்க."

புல்டோசர் விடுவிடுவென்று பத்தடி போனான். நின்றான். திரும்பி வந்தான்.

"எத்தனை ஆடு?"

"உங்களுக்குன்னு ஆறு வரி இருக்கு அண்ணே. ஒரு ஆடு கொடுத்தா அந்தப் பாட்டுக்கு மரியாதையா?"

"ரெண்டு தர்றேன்" என்றான் புல்டோசர். கோப்பையை மண்ணில் வைத்துவிட்டு, விரலை நீட்டி இருவரையும் எச்சரித்தான். "ஆனா ஒருத்தனும் நடுவுல திருப்புன்னு கத்தக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."