எல்லைக்கு அப்பால் பூஜ்யம்

1

இந்தக் கதை ஒரு மின்வெட்டில் பிறந்தது. 1997, மைசூர், மண்டி மொஹல்லா. எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதை கணினியோடு அணைந்துபோனது. பணமுள்ள மென்பொருள் கம்பெனிகளே அணுமின் நிலையத்துக்குச் செலவு செய்தால் என்ன என்று கோபத்தில் நினைத்தேன். அந்த நினைப்பைத் தாரணி என்ற கதாபாத்திரத்திடம் கொடுத்தேன்.

(அப்படியொரு திட்டம் இருந்ததில்லை. கம்பெனியும் கற்பனை.)

2

தாரணியின் ஊர் கர்நாடகத்திலுள்ள மார்டள்ளி. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். வேலை மைசூரில், மென்பொருள் கம்பெனியில். கம்பெனி பணம் போடும், அரசு அணு உலை கட்டும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராமை அவள் எழுதினாள். தண்ணீர் அருகில் வேண்டும். சுற்றிலும் ஆட்கள் குறைவாக வேண்டும்.

ஓட்டினாள். திரையில் முதல் பெயர் மார்டள்ளி.

அவள் அதிர்ந்து

[அடித்துவிட்டேன். அவள் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவ்வளவுதான்.]

பிறகு தவறு தெரிந்தது. கர்நாடக மக்கள்தொகையை மட்டும் ஏற்றியிருந்தாள். எல்லைக்கு அப்பால் எல்லா ஊரிலும் பூஜ்யம்.

3

மேலாளர் கிருஷ்ணஸ்வாமியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"தப்பாயிருச்சுங்க சார். அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு போட்டுட்டேன். எங்க சித்தி அங்கதான் இருக்காங்க."

"ஹௌதா, அப்படியா? சித்தியையே காணாம அடிச்சுட்டியேம்மா. சரி, திருத்து. சாயங்காலம் டைரக்டர்ஸ் பார்க்கணும்."

"இதுல நாம பணம் போடணுமா சார்?"

"போன வாரம் கரண்ட் போனப்போ மேஜையைத் தட்டினது யாரு? யோசனையே உன்னோடதுதானே."

"அப்ப எந்த ஊருன்னு தெரியாதுங்க சார்."

"இப்பவும் தெரியாதே. திருத்தினா வேற ஊர் வரும்."

[அரசு இடம் பார்த்தால் மனு கொடுக்கலாம். கம்பெனி பார்த்தால் யாரிடம் கொடுப்பது? இங்கே ஒரு பக்கம் வாதம் இருந்தது. அணு வேண்டாமென்றால் வரும் நிலக்கரிப் புகையையும் அதில் எழுதியிருந்தேன். கிருஷ்ணஸ்வாமியின் கடைசி வரிக்கு அதில் பதில் இல்லை. எடுத்துவிட்டேன்.]

4

ஒரு முடிவில் தாரணி வேலையை விடுகிறாள். பக்கத்து மேஜை முனிராஜ் திருத்துகிறான். மார்டள்ளி தப்புகிறது.

இன்னொன்றில் அவளே திருத்துகிறாள். மார்டள்ளி தப்புகிறது. மூச்சு விடுகிறாள். மூச்சு முடிவதற்குள் அடுத்த ஊரின் பெயர் வருகிறது.

இரண்டிலும் எனக்கு ஒரு பெயர் வேண்டும். மூன்று ஊர்களை எழுதி அடித்தேன். மூன்றிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். பிறகு, தெரிந்தவர் யாருமில்லாத ஓர் ஊரைத் தேடி வரைபடத்தை விரித்தேன். விரல் எல்லைக்கோட்டைத் தாண்டியபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று விளங்கியது.

எனக்கு இன்னமும் மின்சாரம் வேண்டும். உங்களுக்கும் வேண்டுமென்றால் நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

திரையில் வந்த பெயர்: ______________