இடது கை ரத்தம்

அன்று காலை எல்பர்ட்டுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டவன், களத்தில் அவன் வீசும் பந்தைப் பிடிக்கிற கஸ். எல்பர்ட்டின் வலது கை தோள்வரைகூட எழும்பவில்லை. பன்னிரண்டு நாளில் பத்து பேஸ்பால் ஆட்டம் வீசினால் எந்தக் கைதான் எழும்பும்? இன்னும் ஓர் ஆட்டம் முழுசாக வீசினால் இந்தக் கை அவ்வளவுதான் என்று ஒஹாயோவிலேயே பெரிய மருத்துவர் சொல்லிவிட்டார். கை போனால் பழையபடி செங்கல் சூளைதான்.

களத்தில் மற்ற எட்டுப் பேருக்கும் வீச வராது. வீசத் தெரிந்த டோலனோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். 1884-இன் விதி அப்படி. அடிபட்டால் ஒழிய வெளியாளை இறக்கக் கூடாது. அடிபட்டது நிஜம்தான் என்று எதிரணித் தலைவன் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது பந்து வீசியிருப்பானா?

ஐந்தாவது சுற்றில் எல்பர்ட் எதிரணித் தலைவன் ஃபினியஸிடம் போய் நின்றான்.

"கையத் தூக்கவே முடியலப்பா. டோலன் வீசட்டுமே."

ஃபினியஸ் அவன் தோளைத் தடவிப் பார்த்தான். "வீக்கமும் காணோம், ரத்தமும் காணோம். ரத்தத்தக் காட்டு, விட்டுடறேன்."

"உள்ள வலிக்குதுடா பாவி!"

"உள்ள இருக்கறது எனக்கெப்படித் தெரியும்? போ, போய் வீசு."

எல்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பாதியில் வெளியேறினால் எந்த அணியும் சேர்க்காது. திரும்பிப் போனான்.

"மேல!" என்றான் மட்டை பிடித்தவன். மேலேயா கீழேயா என்று அடிப்பவன் கேட்கிற இடத்தில்தான் போட வேண்டும். மேலே போட எல்பர்ட்டின் கை படும் பாடு எதிரணியில் எல்லாப் பயலுக்கும் தெரிந்துபோயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான். அடித்த பந்து நேராக அவன் முகத்துக்கே வந்தது. வெறுங்கையால் தடுத்தான். கட்டைவிரல் நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது.

அந்த வலியிலும் எல்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் ஃபினியஸின் மூக்குக்கு நேரே கையை நீட்டினான்.

"ரத்தம் கேட்டியே, இந்தா! போதுமா?"

டோலன் கடலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

ஃபினியஸ் நிதானமாகப் பார்த்தான். "ரத்தம்தான். ஆனா இது இடது கையாச்சே. நீ வலது கையாலதானப்பா வீசற?"

வலது கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று ஏழு வருஷமாக இடது கையையே முன்னால் நீட்டிப் பழகியவன் எல்பர்ட். இன்றும் அதுதான் முந்திக்கொண்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நடுவர் உதட்டைப் பிதுக்கினார். கஸ் தன் கைக்குட்டையைக் கிழித்து விரலில் கட்டிவிட்டான். டோலன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து வந்தவன் மட்டையைத் தரையில் தட்டிவிட்டு, "மேல!" என்றான்.