இரண்டடிக்கு ஒன்றரையடி

பிரதேச சபையின் மூன்றாம் இலக்க மேசைக்கு முன்னால் பஞ்சலிங்கம் வந்து இருந்தது இது ஆறாவது தடவை. முதல் ஐந்து தடவையும் மனைவி நாகேஸ்வரி சட்டையை மினுக்கிக் கொடுத்து அனுப்பினாள். இன்றைக்குச் சட்டை கசங்கிக் கிடந்தது. தாடியும் இருபது நாள் வளர்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த தர்சிகா அதைப் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடினாள்.

விசயம் பெரிய விசயம் ஒன்றுமில்லை. சாவகச்சேரிப் பக்கம் பெரிய றோட்டில் இருந்த அவருடைய தண்ணி மோட்டர் திருத்தும் கடை, வீதி அகலித்தபோது போய்விட்டது. ஒழுங்கைக்குள் முந்நூறு மீற்றர் தள்ளியிருந்த வீட்டுக்கே கடையைக் கொண்டுபோனார். ஒழுங்கை முகப்பில் அம்புக்குறியோடு ஒரு பலகை நட்டார், இரண்டடிக்கு ஒன்றரையடி. சபைக்காரர் வந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெயர்ப்பலகை சொந்தக் காணிக்குள்தான் நிற்கவேண்டுமாம். வீட்டுப் படலையில் பலகை போட்டால் அதைப் பார்க்க ஆள் முதலில் வீடுவரைக்கும் வரவேண்டும். வந்து சேர்ந்தவனுக்குப் பலகை எதற்கு? இந்த ஒரு கேள்வியைத்தான் பஞ்சலிங்கம் ஐந்து கடிதத்தில் ஐந்து விதமாக எழுதிக் கொடுத்து விதிவிலக்குக் கேட்டிருந்தார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. அறுபது வயதில் இன்னொருவனிடம் போய்க் கைகட்டி நிற்கவும் ஏலாது.

பலகை போன பிறகு அந்த இடத்தில் நாகேஸ்வரி இருந்தாள். காலையில் சமையலை முடித்துவிட்டு முகப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொள்வாள். சைக்கிள் கரியரில் தண்ணி மோட்டரைக் கட்டிக்கொண்டு தடுமாறுகிற தோட்டக்காரரைக் கண்டால் எழும்பிக் கையைக் காட்டுவாள். "உள்ளுக்கை போங்கோ, நீலப் படலை." பங்குனி வெயில் அது. ஒருநாள் பத்தரை மணிபோலக் கதிரையிலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவளை வெயிலில் இருத்தியது தான்தானே என்ற நினைப்பு பஞ்சலிங்கத்தை விட்டுப் போகவில்லை. போகப்போவதுமில்லை.

"கேள்விப்பட்டனான் ஐயா," என்றாள் தர்சிகா. "உங்கடை பைல் கூட்டத்துக்குப் போனது. ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும் எண்டு திருப்பிப் போட்டினம்."

"அது கிடக்கட்டும் பிள்ளை. நான் வேறையொண்டு கேக்க வந்தனான்." குரல் இறங்கியது. "சனசமூக நிலையப் பெடியள் அவவின்ரை படத்தைப் போட்டு முகப்பிலை பனர் கட்டினவங்கள். செத்தவீட்டுக்கு வழி காட்ட அம்புக்குறியும் கிடக்கு. அதை ஏன் நீங்கள் கழட்டேல்லை?"

"செத்தவீட்டுப் பனரிலை நாங்கள் கை வைக்கிறேல்லை ஐயா. முப்பத்தோராம் நாள் மட்டும் விடுவம்."

"அந்த அம்புக்குறியைப் பாத்து இந்தக் கிழமை நாலு மோட்டர் வந்தது." சொன்ன கையோடு அவர் வெட்கத்தில் குனிந்துகொண்டார். "அதுக்குப் பிறகும் அது அங்கை நிக்க விடுவியளே? ஒரு கடிதம் எழுதித் தரட்டோ?"

தர்சிகா மேசை இழுப்பறையைத் திறந்தாள். பிறகு, "எழுதித் தாங்கோ ஐயா," என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். பதில் என்னவென்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, சாப்பிட்ட சனம் கலைந்த பிறகு, பஞ்சலிங்கம் கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு முகப்புக்குப் போனார். சபையின் மறுப்புக் கடிதம் முந்தினநாளே வந்துவிட்டது. ஆரோ வந்து அவளைப் பிடுங்கிப்போட்டு இழுத்துக்கொண்டு போவதைவிடத் தானே கழற்றுவது மேல் என்று நினைத்தார். பதாகையின் இடப்பக்கக் கம்பிகள் இரண்டையும் வெட்டினார்.

பின்னால் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கரியரில் மோட்டர். ஆள் ஊருக்குப் புதிது.

"கழட்டிறியளோ அண்ணை? நல்லகாலம், இப்ப வந்தன். இந்த அம்மாவின்ரை படத்தடியிலை திரும்பச் சொன்னவை."

பஞ்சலிங்கம் கையைக் காட்டினார். "உள்ளுக்கை போங்கோ, நீலப் படலை. நான் வாறன்."

சைக்கிள் ஒழுங்கைக்குள் போனது. ஒருபக்கக் கம்பியில் தொங்கிய பதாகையைக் காற்று மடித்து மடித்து விரித்தது. நாகேஸ்வரியின் முகம் ஒருமுறை றோட்டைப் பார்த்தது, ஒருமுறை ஒழுங்கையைப் பார்த்தது. மற்றப் பக்கக் கம்பியில் குறட்டை வைத்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.