கல்லுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரர் ஜைனுதீன் எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊரைப் பற்றிப் பரீட்சை எழுதப் போகிறவர் மாதிரி படித்துவிட்டுத்தான் காரை எடுப்பார். 2007 அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த பிஸ்கட்டவேயிலிருந்து வெர்மான்ட் மாநிலத்துக்குக் கிளம்பியபோது இருபது பக்கம் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். ஆறு மணி நேரமும் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனேன்.

"மொத்த ஸ்டேட்லயும் ஆறு லட்சம் பேர்தான் நிஷா. நம்ம திருவாரூர் டிஸ்ட்ரிக்ட்ல பாதி. அமெரிக்காவோட சேர்றதுக்கு முன்னாடி பதினாலு வருஷம் தனி நாடா இருந்திருக்காங்க. ரோட்டோரம் விளம்பர போர்டு வைக்கக் கூடாதுன்னு சட்டம் வேற. பாத்தியா, ஒண்ணாவது இருக்கா?"

இல்லைதான். மலை, மாடு, வெள்ளை சர்ச், மறுபடியும் மாடு. மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழகைப் பார்க்கிற நிம்மதி எனக்கு இல்லை. பின் சீட்டில் நாலு வயது இஸ்ரத் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், சீட் பெல்ட் போடாத குறையாக, எங்கள் கிரீன் கார்டு ஃபைல் இருந்தது. பால் வாங்கக் கடைக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவோம்.

இவர் பெயரைச் சரிபார்க்கிறோம் என்று சொல்லி மூன்று வருடமாக மனுவைக் கிடப்பில் போட்டிருந்தார்கள். நடுவில் இவர் வேலை மாறியதில் பழைய விசாவும் போய்விட்டது. வெளிநாடு போய்வர அனுமதிக் கடிதம் கேட்டிருந்தோம், அது இன்னும் வரவில்லை. "அது கைக்கு வராம நாட்டை விட்டு ஓரடி வெளிய வெச்சாலும் அப்ளிகேஷனை நீங்களே கைவிட்டதா அர்த்தம்" என்று வக்கீல் கஸ்தூரிரங்கன் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லியிருந்தார். அந்த ஓரடிக்குப் பயந்துதான் கூத்தாநல்லூரில் என் தங்கை ஆஸிபாவின் நிக்காஹைப் போனில் கேட்டேன்.

"வடக்கு எல்லையை அளந்தவங்க கோணலா அளந்துட்டாங்களாம்" என்றார் இவர். "சில ஊர்ல வீட்டுக்கு நடுவுலயே கோடு போகுதாம். ஹால் இங்க, கிச்சன் கனடாவுல."

"அந்தப் பக்கமே போக வேணாங்க."

"போகலம்மா. வடக்க போனாத்தான் இலை நல்லா செவந்திருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பார்டருக்கு ரொம்ப முன்னாடியே திரும்பிடலாம்."

மதியம் இரண்டு மணி இருக்கும். மேப்பிள் மரப் பாகு கிடைக்கும் என்று கையால் எழுதிய சின்னப் பலகை ஒன்றைப் பார்த்துச் சரளைக்கல் பாதையில் திருப்பினார். பாதை முடிந்த இடத்தில் சிவப்புத் தொழுவம். ஆளைக் காணோம். தொழுவத்துக்குப் பின்னால் புல் சரிவு, சரிவின் அடியில் ஒரு குட்டை, குட்டையில் வாத்துகள். வாத்தைப் பார்த்ததும் இஸ்ரத் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

நான் இறங்கி அவள் பின்னால் நடந்தேன். அப்போது இவர் குரல் கேட்டது.

"நிஷா, நில்லு. போன்ல கனடா நெட்வொர்க் காட்டுது."

திரும்பிப் பார்த்தேன். கையில் போனோடு முகம் வெளுத்து நின்றார். "உன் முன்னாடி பாரு. அந்தக் கல்லு. தாண்டிராத."

முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் தூண். பாசி படிந்திருந்தது. ஒரு பக்கம் எழுத்தும் வருடமும் செதுக்கியிருந்தார்கள். இஸ்ரத் அதைத் தாண்டி முப்பது அடி தள்ளிக் குட்டையின் விளிம்பில் இருந்தாள். அவள் தாண்டினால் ஒன்றுமில்லை, இங்கே பிறந்த அமெரிக்கக் குடிமகள்.

"இஸ்ரத், இங்க வா" என்றேன் கல்லருகே நின்று.

சிரித்தபடி என் பக்கம் திரும்பினாள். கால் சேற்றில் வழுக்கியது. இடுப்புவரை தண்ணீருக்குள் போனாள்.

"அம்மா."

நான் நின்றேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை, நானாகத்தான் நின்றேன். ஃபைல் ஞாபகம் வந்தது. மூன்று வருடம் ஞாபகம் வந்தது. நிக்காஹ் அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு குளியலறையில் அழுதது ஞாபகம் வந்தது. என் மகள் தண்ணீரில் நிற்கும்போது இதெல்லாம் ஞாபகம் வந்தது. எழ முயன்று மறுபடி வழுக்கினாள். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. "அம்மா" என்று இரண்டாம் தடவை கூப்பிட்டாள். அப்போதும் என் கால் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது.

தொழுவத்திலிருந்து ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி வேகமாக வந்தார். பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி இஸ்ரத்தை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். கல்லருகே வந்ததும் நான் கையை மட்டும் நீட்டினேன். அவர் என் கால்களைப் பார்த்தார்.

"உங்கள் காலில் ஏதாவது அடியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பின்னால் இருந்து இவர் பதில் சொன்னார். "எல்லை, மேடம். நாங்கள் தாண்டவில்லை. குழந்தை மட்டும்தான்."

அவர் கல்லைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இது என் அப்பா நட்ட கல். எங்கள் புல்வெளிக்கும் சித்தப்பா புல்வெளிக்கும் நடுவில் நட்டது. கனடா இன்னும் மூன்று மைல் வடக்கே இருக்கிறது. போன் இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் காட்டும்."

அவ்வளவுதான் பேசினார். எந்த ஊர், என்ன காகிதம், ஏன் பயம் என்று ஒரு கேள்வி இல்லை. உள்ளே போய்ப் பெரிய துண்டும் பாகு டின் ஒன்றும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கார் மெயின் ரோட்டுக்கு வந்ததும் இவர் பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

"வாய மூடிட்டு ஓட்டுங்க" என்றேன். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மேலா கோபம்? அவர் நில்லு என்றார். நின்றது நான்.

பின் சீட்டில் இஸ்ரத்தை மடியில் வைத்துத் தலையைத் துவட்டினேன். குளிரில் அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. துண்டுக்குள்ளிருந்து முகத்தை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஐ கால்ட் யூ. டூ டைம்ஸ்."

"தண்ணி ஆழமா இருக்குமோன்னு அம்மா பயந்துட்டேன்டா" என்றேன்.

சற்று யோசித்தாள். ஈரக் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அளவு காட்டினாள்.

"இட்ஸ் ஓகே அம்மா. ஒன்லி திஸ் மச்."