வால்வு கழுவிய மிராசுதார்

நான் ஒரு வேலி நஞ்சைக்குச் சொந்தக்காரன் ஆனது எனக்கே தாமதமாகத்தான் தெரியும். மிராசுதார் கோவிந்தராசு ஒரு நாள், "பக்கிரி, வண்டியை எடு, ரிஜிஸ்தர் ஆபீஸ் போகணும்" என்றார். போனோம். ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். திரும்பும்போது, முன்சீட்டில் அவருடைய டிரைவராக உட்கார்ந்திருந்த நான், காகிதத்தில் ஆறரை ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பெரிய மனிதன்.

ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. பண்ணையில் நிலம் மழை மாதிரி எல்லார் தலையிலும் விழுந்தது. சமையல்காரருக்கு அரை வேலி, செத்துப்போன அத்தைக்குக்கூட ஒரு வேலி. எனக்கு வந்தது வாய்க்கால் தலைப்பில் இருந்த நிலம். என் அப்பா முப்பது வருஷம் பண்ணையாளாக உழுத அதே நிலம். பத்திரம் மிராசுதாரின் இரும்புப் பெட்டிக்குள் போனது, நெல் அவர் களத்துக்குப் போனது. நிலம் உண்மையில் அவருடையதுதான் என்று என்னிடம் எதுவும் எழுதி வாங்கவில்லை. எழுதினால் அதுவே சாட்சியாகிவிடும் என்று வக்கீல் சொன்னாராம். "பக்கிரியோட விசுவாசம் போதும்" என்று மிராசுதார் என் முதுகில் தட்டினார். மாட்டையும் அவர் அப்படித்தான் தட்டுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு அரசாங்கம் உபரி நிலத்தை இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. என் மனைவி செவ்வந்தி ஒரு ஏக்கர் கேட்டு மனுப் போட்டாள். வரிசையில் அரை நாள் நின்றாள். குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உன் புருஷன் பேர்ல ஒரு வேலி கிடக்கு, நீ இல்லாதவங்க பங்குக்கு வர்றியே, நியாயமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நிலம் இருந்ததால்தான் எங்களுக்கு நிலம் கிடைக்காமல் போயிற்று. அந்த ஆத்திரம் எனக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தது.

எழுபத்திரண்டில், மேட்டூர் திறந்த வாரம், தஞ்சாவூரில் விசாரணைக்கு ஓலை வந்தது. பக்கிரி மிராசுதாரின் டிரைவர், பக்கிரி பேரில் இருப்பது பினாமி நிலம் என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். அது பொய்யான மனு அல்ல. மிராசுதார் எனக்குப் புது எட்டுமுழ வேட்டி, சட்டை, துண்டு எடுத்துக் கொடுத்தார். இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரம், பட்டா, என் பேரில் கட்டிய கிஸ்தி ரசீது எல்லாவற்றையும் எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு, "அங்க போனதும் உன் கையில வச்சுக்க. சொந்தக்காரன் கையிலதான் இருக்கணும்" என்றார். தஞ்சாவூர் எல்லை வரை நான் ஓட்டுவது, பிறகு இடம் மாறிக்கொள்வது என்று ஏற்பாடு.

வண்டி, சென்னையில் ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்கக் கார். அதன் எஞ்சினில் கட்டைவிரல் அளவு ஒரு வால்வு உண்டு. எஞ்சினுக்கு அடியில் சேரும் புகையை வெளியே விடாமல், திரும்பவும் எஞ்சினே குடிக்கும்படி இழுத்துவிடும். "இது அடைச்சா புகைக்குப் போக்கிடம் இருக்காது, எண்ணெயைக் கண்ட இடத்துக்குத் தள்ளிரும். புதுசு கிடைக்காது, மாசம் ஒரு தடவை பெட்ரோல்ல கழுவிடுங்க" என்று அதிராம்பட்டினம் மெக்கானிக் மூஸா சொல்லியிருந்தார். மிராசுதார் அதை நிறுத்திவிட்டார். குடிக்கிற பெட்ரோலில் குளிக்க வேறு வேண்டுமா அதற்கு என்று கேட்டார். அதற்குப் பிறகு நானும் அதைத் தொடவில்லை.

வடுவூர் ஏரிக்கரையில் வண்டி கரும்புகை கக்கி, இருமி, நின்றது. பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் ஏர் பில்டர் வரை ஏறி நனைத்திருந்தது.

"வால்வு அடைச்சிருக்குங்க. கழட்டிக் கழுவினா சரியாயிடும்" என்று துண்டை இடுப்பில் கட்டினேன்.

"தொடாதே" என்றார் மிராசுதார். "கையெல்லாம் மசியாகிட்டா அதிகாரி பாத்ததும் கண்டுபிடிச்சிருவான். வேட்டியும் போச்சு. நீ தள்ளி நில்லு."

"அப்ப யாருங்க கழட்டுறது?"

ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. பட்டுக்கரை அங்கவஸ்திரத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மிராசுதார் கோவிந்தராசு எஞ்சினுக்குள் குனிந்தார்.

சூடு ஆறும்வரை காத்திருக்கச் சொன்னேன், காத்திருந்தார். ரப்பர் குழாயைத் திருகி இழுங்க என்றேன், இழுத்தார். "அதில்லைங்க, அந்தப் பக்கம்" என்றதும் அந்தப் பக்கம் போனார். வால்வைக் குலுக்கினார், சத்தமே இல்லை. டிக்கியில் இருந்த பாட்டில் பெட்ரோலில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கால் சுரண்டினார். கருப்புக் களி வழிந்து முழங்கை வரை வந்தது. "இன்னும் குலுக்குங்க, உள்ள ஆடுற சத்தம் கேக்கணும்" என்றேன். வியர்த்து விறுவிறுத்துக் குலுக்கினார். அவருக்கு வேலை ஏவுவது எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.

இடையில் அவரே கேட்டார். "செவ்வந்தி மனுவைத் தள்ளிட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. நிலம் உன்னுதுன்னு கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மாதிரி. அந்தக் காகிதத்தையும் பையில போட்டுருக்கேன்."

வால்வு கலகலவென்று ஆடியது. மாட்டச் சொன்னேன். நனைந்த பில்டரை எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணினார், எடுத்துவிட்டது. அதற்குமேல் இடம் மாற நேரமில்லை என்று அவரே ஓட்டினார். நான் பின்சீட்டில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதிகாரி வெளி மாவட்டத்துக்காரர், ஒல்லியாக இருந்தார். வண்டி வந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். என்னை உட்காரச் சொன்னார், நிலத்தைப் பற்றிக் கேட்டார். தெற்கு வரப்போரம் களர், மூணாவது மடையில் நண்டு வளை அதிகம், தாளடிக்குத் தண்ணீர் கடைசியில் வற்றும் என்று சொன்னேன். அதில் ஒன்றும் பொய்யில்லை.

மிராசுதாரிடம் திரும்பி, "இவர் உங்க டிரைவர்னு மனு வந்திருக்கு" என்றார்.

மிராசுதார் இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினார். நகக்கண்ணெல்லாம் கருப்பு. "பாருங்க சார். டிரைவர் வைக்கிற நிலைமையிலயா நான் இருக்கேன்? நானே ஓட்டி, நானே ரிப்பேர் பாத்து வர்றேன். அவரு தனி மனுஷன். அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

முப்பது வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் யாரையும் அவர் 'அவரு' என்று சொன்னதில்லை. அதிகாரியின் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அப்படியே எழுதச் சொன்னார். "மேற்படி நிலத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எந்தப் பாத்தியதையும் உரிமையும் இல்லை, பக்கிரி என் வேலையாள் அல்ல" என்று மிராசுதார் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலம் என்னுடையதுதான் என்று உத்தரவாயிற்று. பத்திரத்தையும் பட்டாவையும் சரிபார்த்து, அதிகாரி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மிராசுதாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கையக் காட்டினதும் ஆளு கவுந்துட்டான் பாத்தியா?" என்று சாவியை நீட்டினார். "பையக் குடு. வண்டிய எடு."

ஆளை விட்டு அடிப்பாரோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"நான் உங்க டிரைவர் இல்லன்னு இப்பதானேங்க எழுதிக் குடுத்தீங்க."

"என்னடா உளர்றே?"

"நிலத்துல பாத்தியதை இல்லன்னும் எழுதியிருக்கீங்க. அது பொய்யின்னா, சார் உள்ளதான் இருக்காரு. போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் நிக்கிறேன்."

அவர் கதவைப் பார்த்தார். ஒரு அடி வைத்தார். உள்ளே போய் ஒரு வேலிக்காக வாயைத் திறந்தால், அத்தையின் வேலி, சமையல்காரரின் அரை வேலி எல்லாவற்றையும் கிளறுவார்கள் என்பது அவருக்கே உறைத்திருக்கும். நின்றுவிட்டார். நீட்டிய சாவி அப்படியே இருந்தது.

"அப்ப என்னை யார்ரா ஊருக்குக் கொண்டுபோய் விடுறது?"

எத்தனையோ கேட்டிருக்கலாம், அவருக்கு அதுதான் முதலில் வந்தது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"நேரா மன்னார்குடி ரோடுதாங்க. வளைவுல மட்டும் ஹாரன் அடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன். விடிந்தால் குறுவைக்கு நாற்றங்கால் உழ வேண்டும்.